சின்னக் கீறல்தான் என்று சொன்னோம்

என் கணவருக்கு அடிபட்டது முட்டியில். உடைந்தது இடுப்பு. டாக்டர் படம் காட்டி விளக்கிய பிறகும் இந்த விஷயம் எனக்குப் பாதிதான் புரிந்தது. தாம்பரத்தை அடுத்த இரும்புலியூர் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தார். முன்னால் போன கார் சடாரென்று நிற்க, அதன் பின்பக்கத்தில் போய் முட்டிக்கொண்டார். மடங்கியிருந்த வலது முட்டி நேராக இடித்திருக்கிறது. பேன்ட்கூடக் கிழியவில்லை. அவருடைய போனிலிருந்து என்னைக் கூப்பிட்ட ஆட்டோக்காரர், "அக்கா, பயப்படாதீங்க. பேச்சு மூச்சு எல்லாம் நல்லாத்தான் கீது. காலுதான் ஒரு மாரி திரும்பிக்கினு கீது" என்றார்.

நான் அப்போது மூன்றாம் வகுப்பில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதுதான் சிவப்புப் பேனா இன்னும் கையிலேயே இருப்பதைப் பார்த்தேன். உள்ளே ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தார். வலது கால் இடது காலைவிடக் குட்டையாக, உள்பக்கம் திரும்பிக் கிடந்தது. ஒரு மனிதருடைய கால் அப்படி இருக்கவே கூடாது. அவரோ என்னைப் பார்த்ததும், "டீச்சர், ஸ்கூலுக்கு லீவு போட்டியா?" என்றார். வீட்டில் அவர் என்னைக் கிண்டலாகக் கூப்பிடும் பேர் அது. எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்குப் பயம் வந்தால் முதலில் வருவது கோபம். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

மயக்க மருந்து கொடுத்து, காலை இழுத்து, விலகியிருந்த மூட்டை உள்ளே தள்ளினார்கள். பிறகு முட்டிக்குக் கீழே கட்டுப் போட்டு, கட்டில் முனையில் ஒரு கயிறும் கயிற்றின் முனையில் எடையும் தொங்கவிட்டார்கள். எல்லாம் முடிந்ததும் பெரிய டாக்டர் என்னையும் என் அண்ணனையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். இடது உள்ளங்கையைக் குழித்து, அதில் வலது கை முஷ்டியை வைத்துக் காட்டினார்.

"இது இடுப்புக் கிண்ணம். இது தொடை எலும்போட தலை, பந்து மாதிரி. முட்டியில இடிச்ச வேகத்துல பந்து பின்னால போயி, கிண்ணத்தோட பின் சுவரை உடைச்சுக்கிட்டு வெளிய வந்திருக்கு. பந்தை உள்ள வெச்சாச்சு. ஆனா சுவர் இல்லாம அது நிக்காது. உடைஞ்ச துண்டுகளை எடுத்து அந்தந்த இடத்துல வெச்சு, மேல ஒரு பிளேட் போட்டு ஸ்க்ரூ பண்ணணும். அஞ்சு நாள்ல ஆபரேஷன்."

அது வரைக்கும் நான் நன்றாகத்தான் நின்றேன். அடுத்து அவர் சொன்னதுதான் என்னைச் சுவரில் சாய வைத்தது. அந்த எலும்புக்குப் பின்னாலேயே காலுக்குப் போகிற பெரிய நரம்பு ஒன்று போகிறதாம். அதற்கு அடிபட்டால் பாதத்தை மேலே தூக்க வராது, தொங்கிப்போய்விடும். ஆபரேஷனிலும் அந்த நரம்புக்குக் கொஞ்சம் ஆபத்து உண்டு. "இதையெல்லாம் அவர்கிட்ட நானே உட்கார்ந்து பேசிடறேன்" என்று டாக்டர் வார்டுப் பக்கம் திரும்பினார்.

"வேண்டாம் சார்" என்றேன்.

"அவர் கால்மா. அவருக்குத் தெரியணும் இல்ல?"

"அவர் கம்பெனி பஸ் ஓட்டறார் சார். காலையில முப்பது பேரை ஏத்திக்கிட்டு பழைய மகாபலிபுரம் ரோட்டுக்குப் போறவர். வலது பாதம் வராதுன்னு காதுல விழுந்தா ஆபரேஷனுக்கு முன்னாடியே மனசு விட்டுடுவார்."

அண்ணனும் சேர்ந்துகொண்டார். "மச்சானுக்கு ஒண்ணும் தெரிய வேணாம் டாக்டர். எதுவா இருந்தாலும் எங்ககிட்ட சொல்லுங்க." டாக்டருக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் தினம் எத்தனை குடும்பங்களிடம் இதே பேச்சைக் கேட்கிறாரோ, தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் வீட்டு வழக்கம் அது. எங்கள் அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் தன் வியாதியின் பேர் தெரியாது. வயிற்றுப்புண் என்றே சொல்லி, வயிற்றுப்புண் என்றே நம்ப வைத்து அடக்கம் செய்தோம். அதை ஒரு பெரிய சாமர்த்தியமாக நாங்கள் எல்லாரும் பல வருஷம் பேசியிருக்கிறோம். நோயாளியிடம் மறைப்பதுதான் பாசம், சொல்கிறவர்கள் கல்நெஞ்சக்காரர்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். 'சின்னக் கீறல்' என்று பேர் வைத்தது அண்ணன். எலும்பில் சின்னக் கீறல், அது விலகாமல் இருக்க ஒரு தகடு, அவ்வளவுதான்.

அந்த ஐந்து நாளும் வார்டு வாசலில் அண்ணன் போலீஸ்காரர் போல நின்றார். வருகிறவர்களை நிறுத்திப் பாடம் சொல்லித்தான் உள்ளே விட்டார். சபையிலிருந்து ஜெபக்குழுப் பெண்கள் நாலு பேர் வந்தார்கள். அவர்களில் மூத்த அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, நொறுங்கிப்போன இந்த இடுப்பை" என்று ஆரம்பித்து, அண்ணன் இருமியதும் ஒரு கண்ணைத் திறந்து, "இந்தச் சின்னக் கீறலை நீர் தொடும்" என்று மாற்றிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஒரு நாள் மத்தியானம் கட்டில் முனையில் தொங்கிய எடையைப் பார்த்தபடி அவர் கேட்டார். "சின்னக் கீறலுக்கு இன்னாத்துக்கு டீச்சர் இத்தாம்பெரிய வெயிட்ட கட்டித் தொங்க வுட்டுக்கிறாங்க?"

"வீக்கம் இறங்கறதுக்கு."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு மின்விசிறியைப் பார்த்தார். அதன்பிறகு அந்தக் கீறலைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

தினமும் காலையில் சின்ன டாக்டர் ஒருவர் வருவார். தூக்கம் கெட்ட கண். போர்வையின் கால்பக்கத்தை விலக்கி, "விரலை ஆட்டுங்க சார்" என்பார். இவர் ஆட்டுவார். "ஓகே" என்று ஏட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். அந்த 'ஓகே'வுக்காகத்தான் நான் ஒவ்வொரு நாளும் விடிவதற்குக் காத்திருந்தேன். ஆடுகிறது, அப்படியென்றால் நரம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மிச்சம் இருப்பது ஆபரேஷன் ஆபத்து மட்டும்தான் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

அந்த மிச்சமே என்னைக் கொன்றது. மாற்றுத்துணி எடுக்க செம்பாக்கம் வீட்டுக்கு ஷேர் ஆட்டோவில் போகும்போதெல்லாம் டிரைவரின் வலது பாதத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். தாம்பரத்திலிருந்து செம்பாக்கம் வருவதற்குள் அந்தப் பாதம் எத்தனை தடவை ஏறி இறங்குகிறது! யாரும் அதை நினைத்துப் பார்த்திருப்போமா? வீட்டில் சமையலறையில் நின்று என் பாதத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். அவர் இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறார். அவருக்கு வேறு வேலை தெரியாது. தெரிந்தாலும் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக்கூடப் பின்சீட்டில் உட்கார்ந்து வரமாட்டார். பாதம் தொங்கிப்போய் அவர் வீட்டில் உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒப்புதல் படிவம் வந்தது. எல்லாம் ஆங்கிலம். மூன்றாவது பத்தியில் நரம்பைப் பற்றி எழுதியிருந்தது. படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற நான், அந்தப் பத்தியின்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு படிவத்தை அவரிடம் நீட்டினேன். "இன்னா போட்டுக்குது?" என்றார். "எல்லா ஆபரேஷனுக்கும் இதேதான்" என்றேன். நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். அவர் என் கையைப் பார்த்தார் என்று இப்போது தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை.

காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். தியேட்டர் வாசலில் இரும்பு நாற்காலிகள். பக்கத்துக் கட்டில் அம்மாள் திருநீர்மலைக் கோயிலிலிருந்து வந்த துளசி என்று இரண்டு இலையை என் கையில் வைத்தார். எங்கள் சபையில் யாராவது பார்த்திருந்தால் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருப்பார்கள். நான் அதை பைபிளுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டேன். அன்றைக்கு யார் எதைக் கொடுத்திருந்தாலும் வாங்கியிருப்பேன். ஜெபம் செய்யவும் வரவில்லை. "பாதம், பாதம்" என்று ஒரே வார்த்தைதான் வாயில் ஓடியது. அண்ணன் இட்லி வாங்கி வந்தார். "உங்களுக்கு எப்படித்தான் இறங்குதோ" என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவரும் மூடி வைத்துவிட்டார்.

நாலரை மணி நேரம் ஆயிற்று. டாக்டர் வெளியே வந்து தொப்பியைக் கழற்றினார். "துண்டுகள் நல்லா உட்கார்ந்துடுச்சு. ஒரு பிளேட், ஏழு ஸ்க்ரூ."

"பாதம் சார்?"

"முதுகுல கொடுத்த மருந்து முழுசாத் தெளியட்டும். காலையில பார்த்துடலாம்."

மறுநாள் காலையில் பெரிய டாக்டர் சின்ன டாக்டரையும் அழைத்துக்கொண்டு வந்தார். போர்வையை விலக்கினார். என் கணவரின் பாதத்துக்கு மேலே தன் உள்ளங்கையை ஒரு சாண் உயரத்தில் பிடித்தார். "பாதத்தை மேல தூக்கி என் கையைத் தொடுங்க."

பாதம் அசையவில்லை.

"கட்டை விரலை மட்டும்?"

அதுவும் இல்லை. இடது பாதம் சட்டென்று மேலே வந்தது. வலது பாதம் யாருடையதோ போலக் கிடந்தது. டாக்டர் ஏட்டை வாங்கிப் பின்னுக்குப் புரட்டினார். ஐந்து நாளும் நார்மல், நார்மல் என்றுதான் இருந்தது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். "முன்னாடி நல்லா இருந்து இப்போ போயிருந்தா விடக் கூடாது. ரத்தம் கட்டி நரம்பை அழுத்தலாம், ஸ்க்ரூ இடிக்கலாம். உடனே ஸ்கேன் எடுக்கணும். தேவைப்பட்டா இன்னைக்கே மறுபடி திறக்கணும். தியேட்டர்ல சொல்லி வையுங்க" என்றார் சின்ன டாக்டரிடம்.

மறுபடி திறக்கணும் என்ற வார்த்தையில் எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. நான் கத்த ஆரம்பித்தேன். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "என்ன பண்ணினீங்க அவரை? நேத்து வரைக்கும் ஆடின கால்! நீங்கதான் அறுத்துட்டீங்க! திருப்பித் திறந்து இன்னும் எதை அறுக்கப் போறீங்க?" இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுத முடியாததையும் சொன்னேன். டாக்டர் பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவர திட்டாத."

என் கணவரின் குரல். சன்னமாக இருந்தது.

"நீங்க சும்மா இருங்க. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"அவர திட்டாதன்றேன். அன்னிக்கே இல்ல."

"எது அன்னிக்கே இல்ல?"

"பாதம். வுழுந்த அன்னிக்கே தூக்க வரல."

சின்ன டாக்டர் வெலவெலத்துப்போனார். "நான் தினம் கேட்டேனே சார்?"

"விரல ஆட்டச் சொன்னீங்க. கீழ மடக்க வருது, மடக்கினேன். தூக்க வரலன்னு நீங்களும் கேக்கல, நானும் சொல்லல." பிறகு என்னைப் பார்த்தார். அவர் கண் நிறைந்திருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அதைப் பார்த்ததில்லை. "எல்லாரும் வந்து சின்னக் கீறல்னீங்க. சின்னக் கீறலுக்கு பாதம் ஏன் செத்துப் போவுது? அப்பவே ஏதோ பெருசா கீதுன்னு புரிஞ்சுபோச்சு. டாக்டரு உங்கிட்டகூட சொல்லாம மறைக்கறார்னு நெனச்சேன். உனக்குத் தெரிஞ்சா நீ தாங்க மாட்டே. அதான் வாய மூடிக்கினு இருந்தேன்."

அந்த ஐந்து நாளும் அவர் அந்தப் பாதத்தோடு தனியாகப் படுத்திருந்திருக்கிறார். நான் வீட்டுக்குப் போனதும் போர்வைக்குள் தூக்கித் தூக்கிப் பார்த்திருப்பார். நான் சமையலறையில் என் பாதத்தைத் தூக்கிப் பார்த்த அதே நேரத்தில்கூட இருக்கலாம். எனக்குத் தெரிந்ததை நானும், அவருக்குத் தெரிந்ததை அவரும் பேசியிருந்தால் போதும், ஏட்டில் உண்மை இருந்திருக்கும். பேசவிடாமல் செய்தது நான்தான்.

டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, என் பக்கம் திரும்பாமல், அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். "ஆபரேஷன்ல நான் அந்த நரம்பைப் பார்த்தேன். அறுபடல. ஆனா நசுங்கி, கறுத்துப்போய் இருந்துச்சு. ஏட்டுல நார்மல்னு இருந்ததால எனக்கே குழப்பம். நீங்க சொல்றது அதோட பொருந்துது. ஸ்கேன் மட்டும் எடுத்துப் பார்த்துடலாம். ஒண்ணும் அழுத்தலைன்னா திறக்க வேண்டாம்." பிறகு வராந்தாவில் எங்களிடம் சொன்ன அத்தனையையும், கை முஷ்டியையும் உள்ளங்கையையும் வைத்து, ஒன்று விடாமல் அவரிடம் சொன்னார். புது ரூட்டுக்கு வழி கேட்டுக்கொள்வதுபோல அவர் கேட்டுக்கொண்டார்.

"திரும்ப வருமா சார்?"

"வரலாம். மாசக் கணக்காகும். பாதிதான் வரலாம். வராமலும் போகலாம். இப்போ யாராலயும் சொல்ல முடியாது."

டாக்டரின் வாயைப் பொத்தலாம்போல் இருந்தது எனக்கு. ஆனால் என் கணவர் ஒரு பெருமூச்சு விட்டார். விழுந்த நாளிலிருந்து அப்படி ஒரு மூச்சு அவரிடமிருந்து நான் கேட்கவில்லை. ஸ்கேனில் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. மறுபடி திறக்கவில்லை. டாக்டரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "திட்டினது பரவாயில்லம்மா. முதல் நாளே அவர்கிட்ட என்னைப் பேச விட்டிருக்கலாம்" என்றார். அண்ணன் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து ஐந்து வாரமாகிறது. கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயரமாக்கியிருக்கிறோம். இடுப்பை ரொம்ப மடக்கக் கூடாது, காலை ஊன்றக் கூடாது. பாதம் தொங்காமல் இருக்க பிளாஸ்டிக் தாங்கி ஒன்று மாட்டியிருக்கிறது. காலையில் நான் பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன்னால் அதைக் கழற்றுவேன். அவர் கண்ணை மூடிக்கொள்வார். "எனக்குப் பார்க்க பயமா கீது. நீ பாரு" என்பார். கட்டில் கால்மாட்டில் முட்டி போட்டு, அந்தக் கட்டை விரலுக்கு நேராக என் முகத்தை வைத்துக்கொள்வேன். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கப் பார்ப்பார். கழுத்து நரம்பெல்லாம் புடைக்கும். விரல் அப்படியே இருக்கும். ஒவ்வொரு நாளும் அதே பயம், கொஞ்சம்கூடக் குறையாமல்.

போன வாரம் ஒரு நாள் அவர் முகம் ரொம்பச் சோர்ந்திருந்தது. கம்பெனியிலிருந்து யாரோ பேசியிருந்தார்கள். அவருடைய ரூட்டுக்கு வேறு டிரைவரைப் போட்டுவிட்டார்களாம். தாங்கியைக் கழற்றினேன். அவர் தூக்கினார். "அசையுதா?"

"லேசா அசையற மாதிரி இருக்கு" என்று என் வாய் சொல்லிவிட்டது.

அவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். "நெசமாவா?"

நான் தாங்கியைக் கையில் எடுத்தேன்.

"டீச்சர், நீ இப்பவே அசையுதுன்னுட்டா, மெய்யாலுமே அசையிற அன்னிக்கு நான் யார நம்பறது?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. பயந்துபோய்க் கேட்டார்.

"இல்லைங்க" என்றேன். "அசையல."

"சரி" என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். "இன்னொரு தபா தூக்கறேன். நல்லா பாரு."

நான் குனிந்து பார்த்தேன்.